கேம் பாய் அட்வான்ஸ் வயர்லெஸ் அடாப்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான கேம் பாய் அட்வான்ஸ், அதாவது ஜிபிஏ வைத்திருப்பவர்கள் அதன் வயர்லெஸ் அடாப்டரைப் பற்றி எப்படிச் சுற்றிக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வாங்கினால் வேலை செய்யுமா? அதற்கான பதில் உங்கள் கையில் இருக்கும் கேம் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. அடாப்டரைத் தேடுவதற்கு முன் கேமைப் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு கோணத்தில் சொல்கின்றன. பிறகு வந்த கையடக்கக் கருவிகளான நிண்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி பற்றியும் கடைசியில் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.

இந்த அடாப்டர் என்றால் என்ன? எப்போது வந்தது?

பல ஜிபிஏக்களைக் கேபிள் இல்லாமல் இணைத்துச் சேர்ந்து ஆட, ஜிபிஏவின் கேபிள் துளையில் செருகுகிற ஒரு சின்ன ரேடியோ பெட்டி. பின்பக்க லேபிளில் ஏஜிபி-015 என்ற எண் இருக்கும். 2004 ஜனவரியில் ஜப்பானில், கற்பனை உயிரினங்களைப் பிடித்து மோதவிடும் போக்கிமான் வரிசையின் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் கேம்களோடு ஒரே பெட்டியில் வைத்து விற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் அப்படியே வந்தது. தனி பேட்டரி கிடையாது. தேவையான மின்சாரத்தை ஜிபிஏவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். இன்று உங்கள் வீட்டு வைஃபையும் புளூடூத்தும் புழங்குவது அதே அலைவரிசைதான். ஆனால் இது வைஃபையும் இல்லை, புளூடூத்தும் இல்லை. நிண்டெண்டோ தனக்கென்று வைத்துக்கொண்ட பேச்சு முறை. ஆகவே போனோடோ லேப்டாப்போடோ இதை ‘பேர்’ பண்ண முடியாது.

இதை மாட்டினால் கேபிளில் ஆடும் எல்லா கேமையும் கேபிள் இல்லாமல் ஆடலாம்தானே?

முடியாது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான் என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஜிபிஏ கேபிள் ஆட்டத்தில் நான்கு பேர் வரை சேரலாம். ஒருவருடைய கருவி தலைமை. அது சைகை கொடுத்ததும் ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்கு 16 பிட் தகவலைக் கம்பியில் போடும். சுற்று முடியும்போது நாலு பேருடைய தகவலும் நாலு பேரிடமும் இருக்கும். இது நொடிக்குப் பல முறை, பிசகில்லாமல் நடக்கும். கேம் எழுதியவர்கள் இதை நம்பியே எழுதினார்கள். தகவல் கேட்டால் உடனே வரும், வராவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ரேடியோவில் அப்படி நம்ப முடியாது. ஒரு தகவல் வழியில் தொலையலாம், மறுபடி அனுப்ப வேண்டி வரலாம், பக்கத்தில் வேறு யாரோ அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கலாம். அதனால் அடாப்டர் தன்னைக் கேபிள் போலக் காட்டிக்கொள்வதே இல்லை. அதற்கென்று தனிக் கட்டளைகள் இருக்கின்றன: ‘அறை ஒன்றைத் திற’, ‘அக்கம்பக்கத்தில் யார் அறை திறந்திருக்கிறார்கள் என்று பார்’, ‘அவரோடு சேர்’, ‘இந்தத் தகவலை அனுப்பு’. கேமுக்குள் இந்தக் கட்டளைகளைப் பேசத் தெரிந்த மென்பொருள் இருந்தால்தான் அடாப்டர் விழித்துக்கொள்ளும்.

அது விழிக்கும் விதமே அழகு. கேம் முதலில் மெதுவான வேகத்தில் நிண்டெண்டோ என்ற பெயரின் எட்டு ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாக அனுப்பும். அடாப்டரும் அதே எழுத்துகளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வரும். கடைசி ஜோடி சரியாக வந்து சேர்ந்ததும், 256 கிலோஹெர்ட்ஸில் இருந்த பேச்சு 2 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. 2001லோ 2002லோ வந்த ஒரு கேமுக்கு இந்த எழுத்துக்கூட்டலே தெரியாது. கார்ட்ரிட்ஜில் எழுதியதை வீட்டில் உட்கார்ந்து அப்டேட் செய்யவும் வழியில்லை.

சரி, எந்தெந்த கேம்களுக்கு வேலை செய்யும்?

போக்கிமானில் ஃபயர்ரெட், லீஃப்கிரீன், எமரால்டு மூன்றும். விளையாட்டுப் பக்கம் மாரியோ கோல்ஃப் அட்வான்ஸ் டூர், மாரியோ டென்னிஸ் பவர் டூர். மெகா மேன் பேட்டில் நெட்வொர்க் வரிசையில் 5, 6. பழைய கேம்களை மறுபதிப்பாகக் கொண்டுவந்த கிளாசிக் என்இஎஸ் வரிசையில் சில. இன்னும் கொஞ்சம் ஜப்பானிய வெளியீடுகளும் உண்டு. மொத்தத்தில் குட்டிப் பட்டியல்தான்.

பெட்டியோ கையேடோ இருந்தால் வயர்லெஸ் அடாப்டர் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கார்ட்ரிட்ஜ் மட்டும் கையில் இருந்தால் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள், 2004க்கு முந்தைய கேம் என்றால் வேலை செய்யாது. மாரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட் 2001ல் வந்தது. அதற்குக் கேபிள்தான்.

என்னிடம் ரூபி இருக்கிறது, தம்பியிடம் ஃபயர்ரெட். அடாப்டரில் போக்கிமான் மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. ரூபி, சஃபையர் இரண்டும் 2002ல் ஜப்பானில் வந்தவை, இரண்டுக்கும் கேபிள் மட்டும்தான். கேபிள் இருந்தாலும் உடனே முடியாது. ஃபயர்ரெட்டில் கதை முடிந்த பிறகு செவி தீவுகளில் ரூபி, சஃபையர் என்ற இரண்டு ரத்தினங்களையும் தேடி எடுத்து, முதல் தீவில் இருக்கும் சீலியோவிடம் கொடுத்து அவருடைய கருவியைச் சரிசெய்ய வைக்க வேண்டும். அது வரைக்கும் ஹோயென் என்ற பகுதியில் கதை நடக்கும் ரூபி, சஃபையர், எமரால்டு கேம்களோடு தொடர்பே கிடைக்காது.

நடுவில் எமரால்டு ஒன்று கிடைத்தால் சுற்றுவழி இருக்கிறது. இரண்டு பக்கமும் கதையில் வேண்டிய அளவு முன்னேறிய பிறகு ஃபயர்ரெட்டிலிருந்து எமரால்டுக்கு அடாப்டர் வழியாக அனுப்பலாம். எமரால்டிலிருந்து ரூபிக்குக் கேபிளில் அனுப்பலாம்.

ஃபயர்ரெட்டும் லீஃப்கிரீனும் இருந்தால்?

கவலையே இல்லை. இந்த அடாப்டர் பிறந்ததே அதற்காகத்தான். ஃபயர்ரெட்டில் ஏக்கன்ஸ், குரோலித் என்ற போக்கிமான்கள் கிடைக்கும், சாண்ட்ஷ்ரூவும் வல்பிக்ஸும் கிடைக்காது. லீஃப்கிரீனில் அது தலைகீழ். ஹாண்டரை இன்னொருவருக்குக் கைமாற்றினால்தான் அது கெங்காராகும். தனியாக உட்கார்ந்து போக்கிமான் பட்டியலை முடிக்கவே முடியாதபடி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள்.

எத்தனை பேர் சேரலாம்? எவ்வளவு தூரம் எட்டும்?

பொதுவாக ஐந்து பேர். கேபிளை விட ஒருவர் கூடுதல். தூரத்தைப் பொறுத்தவரை பத்து அடிக்குள் ஒரே அறையில் உட்கார்ந்தால் நிம்மதி. அடுத்த அறைக்குச் சுவர் தாண்டி எட்டுமா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். எப்படியும் இது எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவதற்கான பொருள்.

யூனியன் ரூம் என்று சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

இந்த அடாப்டரை இன்றும் தேடிப் பிடிப்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேபிளில் ஆட வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். யார் யாரோடு, என்ன ஆட்டம், மாற்றுவதா மோதுவதா என்று முடிவுசெய்து, கம்பியைச் செருகி, இருவரும் ஒரே மேசைக்குப் போய் நிற்க வேண்டும். ஃபயர்ரெட்டில் கேமுக்குள் இருக்கும் போக்கிமான் சென்டர் என்ற கட்டடத்தின் மாடிக்கு ஏறி யூனியன் ரூமுக்குள் நுழைந்தால் இது எதுவும் தேவையில்லை. நீங்கள் பாட்டுக்கு நிற்கலாம். பக்கத்தில் அடாப்டரோடு இருக்கிற இன்னொருவர் உள்ளே வந்தால் அவருடைய உருவம் அறையில் முளைக்கும். போய்ப் பேசலாம். அவருடைய ஆட்ட விவரங்கள் இருக்கும் ட்ரெய்னர் கார்டைப் பார்க்கலாம். சாட் செய்யலாம். சின்னதாக ஒரு சண்டை போடலாம். அங்கே சண்டைக்கு ஆளுக்கு இரண்டு போக்கிமான், 30ஆம் நிலைக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு உண்டு, ஆகவே நேற்று கேம் வாங்கிய பையனும் பயமில்லாமல் மோதலாம். மாற்ற விரும்பும் போக்கிமானை அறையில் இருக்கும் பலகையில் பதிந்து வைக்கலாம், வேண்டியவர் வந்து கேட்பார். ஐந்து பேர் என்ற கணக்கும் இங்கே இல்லை, அதைவிட நிறையப் பேர் ஒரே நேரத்தில் அறைக்குள் இருக்கலாம்.

அதே மாடியில் இன்னொரு பலகை இருக்கிறது. நிறையப் பேர் அதைக் கவனிக்காமலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைப் படித்தால் சுற்றுவட்டாரத்தில் இந்த நொடியில் எத்தனை பேர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் மோதுகிறார்கள், எத்தனை பேர் யூனியன் ரூமில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டும். இணையமே இல்லாத ஒரு கருவி, தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று காற்றில் தடவிப் பார்த்துச் சொல்கிறது. ஜப்பானில் ஜாய்ஸ்பாட் என்ற பெயரில் சில கடைகளில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருந்தார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் அங்கே போய் நின்று, திரையில் முளைத்த உருவத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தலையைத் தூக்கிப் பார்க்கலாம். கேபிளில் இது நடக்க வாய்ப்பே இல்லை.

அடாப்டர் இருந்தால் மட்டும் கிடைக்கும் ஆட்டங்கள் உண்டா?

உண்டு. ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் இரண்டாம் தீவின் விளையாட்டுக் கூடத்தில் கயிறு தாண்டும் ஆட்டம் ஒன்றும், டோட்ரியோ என்ற போக்கிமான் மூன்று தலையால் பழம் பிடிக்கும் ஆட்டம் ஒன்றும் இருக்கின்றன. முதலாவதற்கு இரண்டு பேர் போதும். டோட்ரியோவுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அப்புறம் பெர்ரி கிரஷ், இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை சேர்ந்து பழத்தை நசுக்கிப் பொடியாக்குவது. எல்லாரும் ஒரே தாளத்தில் பட்டனை அழுத்தினால்தான் பொடி நிறைய விழும். மூன்றுமே கேபிளில் திறக்காது.

சிறப்புப் பரிசுகள் வாங்கும் மிஸ்டரி கிஃப்ட் மெனு எனக்கு வரவே இல்லையே?

ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் போக்கி மார்ட் என்ற கடையில் இருக்கும் கருத்துப் படிவத்தை எடுத்து, அதில் ‘லிங்க் டுகெதர் வித் ஆல்’ என்ற நான்கு சொற்களை அதே வரிசையில் தேர்ந்தெடுங்கள். சேவ் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் முதல் மெனுவில் மிஸ்டரி கிஃப்ட் வந்திருக்கும்.

ஆனால் வந்த பிறகு அதில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகளில் நேரில் போனவர்களுக்கு அடாப்டர் வழியாகச் சீட்டுகள் கொடுத்தார்கள். அரோரா டிக்கெட் இருந்தால் டியாக்சிஸ் இருக்கும் பர்த் ஐலண்டுக்குப் போகலாம். மிஸ்டிக் டிக்கெட் இருந்தால் லூகியாவும் ஹோ-ஓவும் இருக்கும் நேவல் ராக்குக்குப் போகலாம். அந்த விநியோகம் எப்போதோ முடிந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் கார்ட்ரிட்ஜில் பழைய சொந்தக்காரரின் சேவ் அழிக்காமல் இருந்தால், புது ஆட்டம் தொடங்கி அதை அழிப்பதற்கு முன் கேமுக்குள் இருக்கும் பையைத் திறந்து பாருங்கள். இந்தச் சீட்டுகள் உள்ளே இருந்தால் அந்த சேவை அப்படியே விட்டுவிடுங்கள்.

எந்த மாடலில் எது பொருந்தும்?

பழைய ஜிபிஏ, மடக்கும் ஜிபிஏ எஸ்பி இரண்டிலும் ஏஜிபி-015 பொருந்தும். ஜிபிஏவின் குட்டி வடிவமான கேம் பாய் மைக்ரோவின் துளை சின்னது, அதனால் அதற்கென்று ஓஎக்ஸ்ஒய்-004 என்ற தனி அடாப்டர் உண்டு. இரண்டு அடாப்டர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், அதனால் ஒருவர் எஸ்பியும் இன்னொருவர் மைக்ரோவும் வைத்திருந்தால் சிக்கல் இல்லை.

டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் ஜிபிஏ கார்ட்ரிட்ஜ் ஓடும். ஆனால் அவற்றில் கேபிள் துளையே இல்லை. டிஎஸ்ஸுக்குள் ரேடியோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஜிபிஏ கேம் ஓடும்போது அது பயன்படாது, தனியாள் ஆட்டம் மட்டும்தான்.

பழைய கேம் பாய், கேம் பாய் கலர் கேம்களுக்கு?

வேலை செய்யாது, ஜிபிஏவில் போட்டு ஓட்டினாலும்கூட. அவற்றுக்குப் பழைய கேபிள் வேண்டும்.

இதற்கு முன் ஒயர் இல்லாமல் ஆட யாருமே முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள். 1989ல் வந்த அட்டாரி லிங்க்ஸை வடிவமைத்தபோது முதலில் இன்ஃப்ராரெட் ஒளிக்கற்றையில்தான் பல பேர் ஆட்டத்தைத் திட்டமிட்டார்கள். ரெட்ஐ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் யாராவது குறுக்கே நடந்தால் கற்றை அறுந்து ஆட்டம் நின்றுவிடும் என்பதால், வெளிவரும் முன்பே கேபிளுக்கு மாறிவிட்டார்கள்.

1998ல் வந்த கேம் பாய் கலரில் இன்ஃப்ராரெட் கண் ஒன்று நிஜமாகவே இருந்தது. போக்கிமான் கோல்டு, சில்வரில் இரண்டு கருவிகளின் தலையை நெருக்கமாக நேருக்கு நேர் வைத்துப் பிடித்தால் மிஸ்டரி கிஃப்ட் பரிசு கிடைக்கும். சிறு பரிசு பரிமாற அது போதும், தொடர்ந்து ஆட்டம் ஆட ஒத்துவராது. ஜிபிஏவில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள், அதனால் கோல்டு கேமை ஜிபிஏவில் போட்டால் அந்தப் பரிசு வாங்க முடியாது.

2003ல் நோக்கியா என்-கேஜ் வந்தது. போனும் கேம் கருவியும் ஒன்றான அதில் புளூடூத்தில் பக்கத்தில் இருப்பவரோடு ஆடலாம். யோசனை சரியானது. ஆனால் முதல் மாடலில் கேம் கார்டை மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்படி ஒரு கருவியில் நண்பர்களோடு உட்கார்ந்து வேகமாக கேம் மாற்றி மாற்றி ஆடுவது எப்படி?

ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்தான் இருக்கிறது. இரண்டு பேர் ஆடலாமா?

கேமைப் பொறுத்தது. ஜிபிஏவுக்கு கார்ட்ரிட்ஜே இல்லாமல் கேபிள் வழியாக ஒரு குட்டி கேமை வாங்கி நினைவகத்தில் வைத்து ஓட்டத் தெரியும். அதிகபட்சம் 256 கிலோபைட். அடாப்டரும் இதைச் செய்யும். கார்ட்ரிட்ஜ் இல்லாமல் அடாப்டரை மட்டும் மாட்டி ஜிபிஏவை ஆன் செய்தால், அடாப்டருக்குள் பதிந்திருக்கும் ஒரு சின்ன மென்பொருள் ஜிபிஏவுக்குள் இறங்கி, அனுப்புகிறவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று தேடும். போக்கிமானில் மாற்றுவதற்கும் மோதுவதற்கும் இது உதவாது, ஆளுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் கட்டாயம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இரண்டாக வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை.

லேபிளில் ஏஜிபி-015 அல்லது மைக்ரோவுக்கு ஓஎக்ஸ்ஒய்-004 என்று இருக்க வேண்டும். செருகும் முனையின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் பளிச்சென்று இருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். பக்கவாட்டுக் கொக்கிகள் உடைந்திருந்தால் ஆட்டத்தின் நடுவில் கழன்று வரும். நேரில் வாங்கினால், மேலே சொன்னபடி கார்ட்ரிட்ஜ் இல்லாமல் மாட்டி ஆன் செய்து பார்ப்பதுதான் சுலபமான சோதனை. அடாப்டர் தன் மென்பொருளை இறக்கித் திரையில் காட்டினால் உள்ளே பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. ஆனால் ரேடியோ வேலை செய்கிறதா என்பது இன்னொரு அடாப்டரோடு பேச வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

கேமையும் சேர்த்து வாங்கினால் டூப்ளிகேட்டில் கவனமாக இருங்கள், ஃபயர்ரெட்டுக்கும் எமரால்டுக்கும் போலிகள் ஏராளம். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் அசல் கார்ட்ரிட்ஜில் பேட்டரியே கிடையாது, சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். ‘புது பேட்டரி போட்ட ஃபயர்ரெட்’ என்று யாராவது விற்றால் வேறு இடம் பாருங்கள். எமரால்டில் பேட்டரி உண்டு, அது கடிகாரத்துக்கு. அது தீர்ந்தாலும் சேவ் அழியாது, நேரம் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் நின்றுவிடும்.

மாட்டினேன், ஆனால் ‘அடாப்டர் இணைக்கப்படவில்லை’ என்று வருகிறது. அல்லது நடுவில் அறுந்துபோகிறது.

முதல் பிரச்சினை பெரும்பாலும் அழுக்கு. இருபது வருடப் பழைய துளை அது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து அடாப்டரின் முனையைத் துடையுங்கள். ஜிபிஏவின் துளைக்குள் பஞ்சு போகாது, அதே ஆல்கஹாலில் ஈரமாக்கிய மெல்லிய துணியைப் பல்குச்சியில் சுற்றி விடலாம். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். துருப்பிடிக்கும் என்பதால் தண்ணீர் கூடவே கூடாது. கருவி அணைந்திருக்கும்போது மாட்டி, பிறகு ஆன் செய்வது நல்ல பழக்கம்.

அறுந்துபோவதற்கு முதல் சந்தேகம் சார்ஜ். ரேடியோவுக்கும் சேர்த்து ஜிபிஏதான் மின்சாரம் கொடுக்கிறது, பேட்டரி பலவீனமாக இருந்தால் விளக்கு சிவப்பாவதற்கு முன்பே தகராறு தொடங்கலாம். பழைய ஜிபிஏ என்றால் புது ஏஏ செல் இரண்டு போடுங்கள். எஸ்பி என்றால் முழு சார்ஜ் ஏற்றுங்கள். அடுத்தது சூழல். 2004ல் ஒரு வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து ரவுட்டர் அதே இடத்தில் நெருக்கியடிக்கிறது. ரவுட்டர் பக்கத்திலும் ஓடுகிற மைக்ரோவேவ் பக்கத்திலும் உட்காராதீர்கள். போக்கிமானில் திரை ஓரத்தில் சிக்னல் கோடுகள் தெரியும், அது ஒரு கோட்டுக்கு இறங்கினால் நெருங்கி உட்காருங்கள். போக்கிமான் மாற்றும் நடுவில் மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போனது?

காலம்தான். அமெரிக்காவில் இது வந்தது 2004 செப்டம்பர். நிண்டெண்டோ டிஎஸ் வந்தது அதே ஆண்டு நவம்பர் 21. டிஎஸ்ஸுக்குள் ரேடியோ பிறவியிலேயே இருந்தது. எதையும் செருக வேண்டாம், கூடவே எழுதிக் காட்டிப் பேசிக்கொள்ளும் பிக்டோசாட் வேறு, 16 பேர் வரை. டிசம்பரில் சோனியின் பிஎஸ்பி ஜப்பானில் வந்தது, அதற்குள்ளும் வைஃபை. தனியாக வாங்கிச் செருகும் ரேடியோவுக்கு அத்தோடு வேலை முடிந்தது. கேம் எழுதுகிறவர்களும் இரண்டு ரகமாக எழுத வேண்டிய பாடு இல்லாமல் டிஎஸ் பக்கம் போய்விட்டார்கள்.

அந்த அடாப்டரில் கற்றதை நிண்டெண்டோ வீணாக்கவில்லை என்பது என் எண்ணம். பக்கத்தில் இருப்பவரைத் தேடுவது, ஒரே கார்ட்ரிட்ஜிலிருந்து நண்பருக்கு கேமை இறக்கிக் கொடுப்பது எல்லாம் டிஎஸ்ஸில் இயல்பாகவே இருந்தன.

டிஎஸ்ஸை என் வீட்டு வைஃபையில் சேர்க்க முடியவில்லை. தனி அடாப்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். டிஎஸ் கேம்களுக்குப் பாஸ்வேர்டு இல்லாத வைஃபையோ, வெப் (WEP) என்ற பழைய பாதுகாப்புப் பூட்டு போட்டதோதான் தெரியும். இன்றைய ரவுட்டர்கள் டபிள்யூபிஏ2 என்ற புதிய பூட்டில் அல்லது அதற்கும் புதியதில் ஓடுவதால் டிஎஸ் வாசலிலேயே நின்றுவிடும். வெப் பூட்டை இன்று நிமிடங்களில் உடைத்துவிடலாம், அதனால் வீட்டு வைஃபையை அதற்கு மாற்றாதீர்கள். போனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டைப் பாஸ்வேர்டு இல்லாமல் கொஞ்ச நேரம் திறந்து, ஆடி முடித்ததும் மூடிவிடுவது நல்லது.

2005ல் நிண்டெண்டோ இதற்கென்று ஒரு யூஎஸ்பி கனெக்டர் விற்றது. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் செருகினால் அது டிஎஸ்ஸுக்கு வைஃபை கொடுக்கும். இப்போது அதைத் தேடி வாங்குவது வீண். டிஎஸ்ஸின் இணையச் சேவையே 2014 மே 20 அன்று மூடப்பட்டுவிட்டது. ரசிகர்கள் நடத்தும் வீம்ஃபி போன்ற சர்வர்களில் சில கேம்கள் இன்றும் ஆடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதற்கு இது எதுவுமே தேவையில்லை, அதற்கு ரவுட்டரும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.

பிஎஸ்பிக்கு ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது. உடம்பில் டபிள்யூலேன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை ஆன் செய்யாமலே ‘சேரவில்லை’ என்று அலைகிறவர்கள் நிறைய. அது ஆன் ஆகியும் ஒருவரை ஒருவர் காணவில்லை என்றால் நெட்வொர்க் அமைப்புகளில் அட்-ஹாக், அதாவது கருவிகள் நேரடியாகப் பேசும் முறையின் சேனலை இருவரும் ஒரே எண்ணாக வையுங்கள், 1, 6 அல்லது 11. ஒரே விதிவிலக்கு, 2011ல் ஐரோப்பாவில் வந்த இ1000 மாடல். விலை குறைக்க அதில் வைஃபையையே எடுத்துவிட்டார்கள். நண்பர்களோடு ஆட வாங்குகிறீர்கள் என்றால் அந்த மாடல் எண்ணைக் கண்டால் விட்டுவிடுங்கள்.

அசல் அடாப்டர் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரிலோ போனிலோ வழி உண்டா?

உண்டு. கேபிள் ஆட்டம் மட்டும் போதும் என்றால், ஜிபிஏவைப் போலச் செய்யும் எம்ஜிபிஏ மென்பொருளில் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல் திறந்து ஒன்றோடொன்று இணைக்கலாம். ஆண்ட்ராய்டில் மை பாய் செயலி கேபிளை புளூடூத் வழியாகவோ வைஃபை வழியாகவோ போலச் செய்யும். வயர்லெஸ் அடாப்டரையே போலச் செய்ய வேண்டும், யூனியன் ரூமுக்குள் போக வேண்டும் என்றால் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் ஜிபிஏவை ஓட்டும் ஜிபிஎஸ்பி என்ற பகுதியைப் பயன்படுத்துங்கள், நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடும் அதன் நெட்பிளேயில் அடாப்டர் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். எந்த வழியானாலும் உங்களிடம் இருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த பிரதியைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, கேபிளா, அடாப்டரா?

உங்களிடம் ஒரே ஒரு துணைக்கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கேபிள் வாங்குங்கள். பல பேர் ஆடும் ஜிபிஏ கேம்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது பேசும், விலையும் குறைவு, சிக்னல் தகராறும் இல்லை. வாங்கும்போது நடுவில் இன்னொரு கேபிள் செருகும் துளை உள்ள அசல் ஜிபிஏ கேபிளாகப் பாருங்கள். அப்போதுதான் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்கலாம். ஊதா முனையைச் செருகுகிறவர்தான் முதல் ஆட்டக்காரர்.

வீட்டில் ஃபயர்ரெட், லீஃப்கிரீன், எமரால்டு இவற்றில் இரண்டு இருந்து, சேர்ந்து ஆட ஆளும் இருந்தால் அடாப்டர் ஜோடியாக வாங்குங்கள். மூன்றாவது ஆள் கிடைத்தால் டோட்ரியோ ஆட்டத்தையும் திறந்துவிடலாம்.